பாயலாம்

சமாதானபுரத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடை,
அதற்கு மேல் மாடி. ஐப்பசி மழை தகரத்தில் விழுகிறது.
எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் கேட்கும்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் இங்கே நடுவர்.
மற்ற நாளில் மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவன்.
எண் என்ன காட்டுகிறதோ அதை எழுதிவிட்டு
வசவு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவன்.

அடியை எண்ண எங்களிடம் திருகாணிகள்,
செத்துப்போன போன்களின் வயிற்றிலிருந்து எடுத்தவை,
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.
ஓர் அடிக்கு ஓர் ஆணி, சீட்டின் மேல்.
சுற்று முடிந்ததும் கடைக்காரர் ஞானதிரவியம்
காந்தத்தால் ஓர் இழுப்பு இழுப்பார்.
சாகாமல் மிஞ்சியவற்றின் காயமெல்லாம்
டிக்டிக்கென்று எழுந்து போய்விடும்.

"அவ்வளவுதானா? தழும்பு?"
என்று கேட்டாள் பெனிட்டா.
ஹைகிரவுண்டில் எலும்பு முறிவு வார்டு,
நைட் டூட்டி முடித்து நேரே வந்திருந்தாள்.
"தழும்புக்கு விதி இல்லை மேடம்."
"நல்ல ஊருதான்" என்று சீட்டைக் குலுக்கினாள்.

எதிரே மேலப்பாளையம் மீரான்கனி.
கருங்கொம்பனை ஏவினான்: எருமை, பலம் ஐந்து, உயிர் நான்கு.
தடுப்பவனைச் சாய்த்தும் அடங்காத மிருகம் அது;
மருதூர் அணைக்கட்டை நிறைத்துவிட்டு
ஸ்ரீவைகுண்டம் போகிற வெள்ளம்.
அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஓர் உயிர்.

இரண்டு பேரை நிறுத்தித் தடுத்தாள்.
ஈட்டிக்காரி, முந்தி அடிக்கிறவள்:
எருமை கொம்பைத் தாழ்த்துமுன்னே இரண்டு ஆணி அதன் முதுகில்.
பிறகு மற்றதெல்லாம் ஒரே நொடியில்.
கல்லாமை இரண்டு கடித்தது. எருமைக்கு நான்கு ஆயிற்று.
எருமையின் ஐந்தில் மூன்று ஆமைக்கு,
ஒன்று ஈட்டிக்காரிக்கு.
மூன்று சீட்டும் குப்பைக்கு.
ஐந்தாவது ஆணி மட்டும்
மீரான்கனியின் இடுக்கியில்.

"ஓய் நடுவரே" என்றார் வேடிக்கை பார்த்த சுடலைக்கண்ணு,
"செத்த எருமை எப்படிவே முட்டும்?"
செத்தபிறகு முட்டவில்லை வே.
முட்டிக்கொண்டே செத்தது.
ஈட்டிக்காரிக்கு நான்கு பலம் இருந்திருந்தால்
அது முட்டியே இருக்காது. இருந்தது இரண்டு.

மழை ஒரு கணம் ஓய்ந்த மாதிரி இருந்தது.
புத்தகத்தில் பாயும் என்று இல்லை,
பாயலாம் என்றுதான் இருக்கிறது.
அந்த லாம் எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.
கேட்காமல் நடுவர் வாய் திறக்கக் கூடாது.

ஐந்தாவதையும் அவன் ஆமை மேலேயே வைத்தான்.
ஏற்கனவே செத்த முதுகில் ஒன்று கூடுதல்.

பெனிட்டா அதை நகத்தால் எடுத்துத்
தன் உயிர்ச் சீட்டில் வைத்தாள்.
"எனக்கு வந்தத நான் வாங்கிக்கிடுதேன்.
பாவம் பாக்காதிய."

செல்லாது மேடம் என்றேன்.
அடியைப் பங்கிடும் உரிமை அடிப்பவனுக்கே.
வாங்குகிறவருக்கு அதில் பேச்சில்லை.
நீங்க உயிரோடதான் இருக்கிய.

என்னை அவள் பார்த்த பார்வை,
மீட்டர் ஓடாத வீட்டுக்குப் பில் போட்டபோது
ஒருத்தி பார்த்தது.

அடுத்த சுற்றில் அவன் பக்கம் தடுக்க எதுவுமில்லை.
அவளிடம் பின்வரிசையில் ஒரு தேள், பலம் மூன்று.
அவன் உயிரும் மூன்று.
தடுப்பவன் இல்லாத இடத்தில் லாம் கிடையாது;
ஆனாலும் ஏவாமல் சும்மா இருக்கலாம்.
தேள் சீட்டின் மேல் விரலை வைத்தபடி
கொஞ்ச நேரம் இருந்தாள்.
தூக்கமோ, யோசனையோ.
பிறகு மூன்று ஆணியை எண்ணி
அவன் பக்கம் தள்ளினாள்.

மீரான்கனி சிரித்தான். கை கொடுத்தான்.
ஏன் அப்படிச் செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை,
கேட்டிருந்தாலும் மழையில் விழுந்திருக்காது.

ஞானதிரவியம் காந்தத்தை இழுத்தார். எண்ணினார்.
ஓர் ஆணி குறைந்தது.
மேசைக்கடியில், சட்டை மடிப்பில், எங்கும் இல்லை.
பெனிட்டா பஸ்ஸுக்கு இறங்கிப் போய்விட்டிருந்தாள்,
வலது கையை மூடியபடி.